கரைக்கு வேண்டிய அகலம்

சிங்கப்பூரில் இயற்கை ஏரி என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. இன்று அத்தீவுக்குக் குடிநீர் தரும் 17 நீர்த்தேக்கங்களில் சில, மழைக்காட்டுப் பள்ளத்தாக்குகளை அணையிட்டு மறித்ததால் உண்டானவை. பல, கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஆறுகளின் முகத்துவாரத்தை அடைத்து, உப்பை மெல்ல மெல்ல வெளியேற்றி நன்னீராக்கியதால் கிடைத்தவை. பிடோக் நீர்த்தேக்கமோ மணல் தோண்டிய குழியில் நீர் நிறைத்தது. ஆகையால், கரை அரிப்பைத் தடுப்பதா, கரையோர ஜீவராசிகளின் வாழிடத்தைக் காப்பதா என்று ஏரிகள் மலிந்த தேசங்களில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு, இந்தத் தீவுக்கு வரும்போது சற்றே விநோதமான ரூபம் கொள்கிறது. காப்பாற்றிக் கொடுக்க வேண்டிய பூர்விகக் கரை என்று ஏதும் இந்த ஏரிகளுக்கு இல்லை. ஒவ்வொரு கரையும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு பொறியாளர் வரைபடத்தில் இழுத்த கோடு. அந்தக் கோட்டைக் கல்லால் இடுவதா, மண்ணாலும் வேராலும் இடுவதா என்றே சாதாரணமாகப் பேசப்படுகிறது. என் அபிப்பிராயத்தில் விஷயம் அதற்கும் ஒரு படி முன்னதாகத் தொடங்குகிறது. கரைக்கு எத்தனை அகலம் விட்டுக்கொடுக்க நகரத்துக்கு மனம் வருகிறது என்பதே முதற்கேள்வி. கல்லா, வேரா என்பது அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்துத் தானே தீர்ந்துவிடுகிறது.

லிட்டில் இந்தியாவைப் பழகியறிந்தவர்களுக்கு இதை விளக்க ரோச்சோர் கால்வாய் ஒன்றே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது தாழ்ந்த சதுப்பு நிலத்தின் ஊடே ஓடிய சிற்றாறு. ஓரங்களில் மூங்கில் மண்டியிருந்தது. புல்லும் நீரும் தாராளமாகக் கிடைத்தபடியால் மாட்டு வியாபாரிகள் அங்கே கொட்டில் போட்டார்கள். கொட்டிலைத் தொடர்ந்து வேலையாட்களும், வேலையாட்களைத் தொடர்ந்து கடைகளும் வந்து சேர்ந்தன. சிராங்கூன் சாலையோரத்தில் சுண்ணாம்புக் குழிகள் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயில் எழுந்த இடத்தைத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றே சொல்லிவந்தார்கள். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள், அவர்களுள் மதராஸ் ராஜதானியைச் சேர்ந்தோரும் பலர், இந்நகரத்தின் சாலைகளையும் பாலங்களையும் அமைத்தார்கள். சதுப்புகளை வடித்து மேடாக்கினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் கூட்டி, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்த மதராஸ் சுண்ணாம்பைச் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துச் சுவர்களில் பூசியவர்களும் அவர்களே. அந்த உழைப்பின் மகிமையைக் குறைத்துச் சொல்வது என் உத்தேசமன்று. ஆயினும், அப்படி மேடாக்கப்பட்ட நிலமெல்லாம் அதற்கு முன் நீருக்கும் நிலத்துக்கும் பொதுவாக இருந்த அகலம் என்பதையும், சிற்றாறு பெருகினால் பரந்து கொள்ளவும் வற்றினால் ஒதுங்கிக் கொள்ளவும் இருந்த இடம் அதுவே என்பதையும் மறந்துவிடலாகாது.

இன்று தேக்கா சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு புக்கிட் தீமா சாலைப் பக்கம் வருகிறவர் காண்பது இரு நெடுஞ்சாலைகளுக்கு நடுவே செங்குத்தான சுவர்களுக்குள் அடங்கி ஓடும் கால்வாயை. 2015ல் அதன் ஒரு பகுதியைச் செப்பனிட்டு, நடைபாதையும் இருக்கைகளும் மேலே செடி கொடிகளும் அமைத்தார்கள். முன்பிருந்த நாற்றத்தையும் அழுக்கையும் அறிந்தவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் செடிகள் இருப்பது சுவருக்கு மேலே. நீர் இருப்பது சுவருக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில், சுவரின் பின்புறத்து நீர் வடிவதற்காக விட்ட கசிவுத் துளைகளில் எங்கிருந்தோ வந்து வேரூன்றிய பெரணி ஒன்றிரண்டு தொங்குகின்றன. நீரோரத் தாவரம் என்று அங்கே உரிமையோடு சொல்லக்கூடியவை அவைதாம். 2008ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டு, தீவின் ஆறில் ஒரு பங்கு நிலப்பரப்பின் மழைநீர், சுமார் 10,000 ஹெக்டேரின் வடிகால், ஒரே நன்னீர்த் தேக்கத்தில் வந்து சேரத் தொடங்கியபின், ரோச்சோர் கால்வாயும் அந்த ஏரியின் விரல்களுள் ஒன்றாகிவிட்டது. லிட்டில் இந்தியாவின் ஓட்டுக்கூரைகளில் விழும் மழை, சில காலம் கழித்துக் குழாய் வழியே அவ்விடத்துக்கே திரும்பி வருகிறது. ஆகவே ஏரிக்கரையைப் பற்றிய இந்தக் கட்டுரையில் அந்தச் சுவரை முதலில் வைத்தது வலிந்து செய்த காரியமன்று.

இனி அரிப்பு என்பது எப்படி நிகழ்கிறது என்று பார்க்கலாம். வட அமெரிக்கப் பேரேரிகள் போன்ற நீர்ப்பரப்புகளில் காற்று பல நூறு கிலோமீட்டர் தடையின்றி வீசி எழுப்பும் அலையே கரையின் பிரதான சத்துரு. சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்கள் சிறியவை. காற்று ஓடி விளையாட அங்கே நீண்ட வெளி கிடையாது. இங்கே கரையைத் தின்பவை வேறு. முதலாவது மழை: 1978 டிசம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் கொட்டிய தீவு இது; சாதாரண மாலை மழையே சரிவான மண்ணில் கோடு கோடாக ஓடை வெட்டிவிடும். இரண்டாவது, நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்: குடிநீருக்காக நீரை இறைக்கும்போது கரையின் ஒரு பட்டை வெயிலில் காய்ந்து வெடிக்கிறது, மீண்டும் நீர் ஏறும்போது வெடித்த மண் கரைந்து சரிகிறது. மூன்றாவது மனிதர் பாதம். நான்காவது படகுகள் எழுப்பும் சிற்றலை. இவற்றுள் சுவர் கட்டித்தான் தீர வேண்டும் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அலையே இல்லாத இடத்தில் அலைக்கென்று கட்டிய சுவர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

சுவருக்குச் சில சுபாவங்கள் உண்டு. சரிவான கரையில் ஏறும் அலை, புல்லிலும் வேரிலும் மோதி உடைந்து தன் வேகத்தை இழக்கிறது. செங்குத்துச் சுவரில் மோதும் அலையோ இழந்தது போக மிச்ச வேகத்தோடு திரும்பி, சுவரின் காலடி மண்ணைத் தோண்டுகிறது. காலடி பறிபோனால் சுவர் சாய்கிறது. சாயாதிருக்க ஆழமான அஸ்திவாரமும் காலடியில் கற்குவியலும் வேண்டியதாகிறது. மேலும், சுவர் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுக்காரனின் மண் முன்னைவிட வேகமாகக் கரைகிறது. 2019லும் 2020லும் பேரேரிகளின் நீர்மட்டம் வரலாறு காணாத அளவுக்கு உயர்ந்தபோது, மிச்சிகன் கரையில் ஒருவர் பாறை கொட்ட, அதைக் கண்டு பக்கத்து மனைக்காரரும் கொட்ட, நிர்ப்பந்தம் வீட்டுக்கு வீடு பரவியது இதனால்தான். சிங்கப்பூரில் கரை முழுதும் அரசாங்கத்தின் கையில் இருப்பதால் அண்டை வீட்டுச் சண்டை இல்லை. அது ஒரு சௌகரியம். அபாயமும் அதிலேயே இருக்கிறது: ஒரே அலுவலகம் ஒரே மாதிரிப் படத்தை வைத்துக்கொண்டு தீவு முழுதும் ஒரே கரையைக் கட்டிவிட முடியும்.

அப்படித்தான் ஒரு காலத்தில் நடந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. வெள்ளம் என்பது அறுபதுகளிலும் எழுபதுகளிலும் குடிசைவாசிகளின் பாயையும் அரிசியையும் வருஷந்தோறும் அடித்துக்கொண்டு போன பிரத்தியட்ச துன்பம். வழவழப்பான கான்கிரீட் கால்வாயில் நீர் தடையின்றி விரைந்து ஓடும். அதே அளவு நீரைச் செடி கொடிகள் நிறைந்த வாய்க்காலில் கடத்த வேண்டுமானால் வாய்க்கால் பல மடங்கு அகலமாக இருக்க வேண்டும். வீடு கட்டவே நிலம் போதாத தீவில், விரைந்து நடத்த வேண்டிய காரியத்தில், பொறியாளர்கள் கான்கிரீட்டைத் தேர்ந்ததைக் குற்றமென்று நாம் இன்று உட்கார்ந்து கொண்டு தீர்ப்பளிப்பது எளிது. அன்று முழங்கால் நீரில் நின்றவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கொள்கை மாறத் தொடங்கியது 2006ல். பொதுப் பயனீட்டுக் கழகம் அவ்வாண்டு தொடங்கிய திட்டம், கால்வாய்களையும் நீர்த்தேக்கங்களையும் மக்கள் அணுகிப் பழகும் இடங்களாக்குவதென்று சங்கற்பித்துக்கொண்டது. அதன் பலன்களுள் விஸ்தாரமாகச் சொல்லத் தகுந்தது பீஷான்–அங் மோ கியோ பூங்கா. காலாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாக ஓடிய கான்கிரீட் கால்வாயாக இருந்தது. ஒருபுறம் பூங்கா, மறுபுறம் அடுக்குமாடி வீடுகள், நடுவில் வேலி. கால்வாய்க்கு வயதாகிவிட்டபடியால் எப்படியும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அப்போது பூங்காவையும் கால்வாயையும் தனித்தனியே பாராமல், பூங்கா நிலத்தையே ஆற்றின் வெள்ளச் சமவெளியாக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஜெர்மனியின் டிரைசைட்டில் நிறுவனம் வரைந்த திட்டப்படி கான்கிரீட் உடைக்கப்பட்டு, ஆறு 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடும்படி விடப்பட்டது. 62 ஹெக்டேர்ப் பூங்கா 2012 மார்ச்சில் திறக்கப்பட்டது. செலவு சுமார் 7 கோடியே 60 லட்சம் வெள்ளி.

இங்கே அரிப்பைத் தடுத்த முறையைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பிரயோஜனமுள்ளது. வேரால் கரை கட்டும் வித்தை ஐரோப்பாவில் பழையது. ஆனால் வெப்பமண்டல மழையில், சிங்கப்பூரின் மண்ணில், எந்தச் செடி எத்தனை விரைவில் பிடிக்கும் என்பதை எவரும் பரீட்சித்ததில்லை. ஆகவே 2009ல் ஒரு பக்கவாய்க்காலில் சுமார் 60 மீட்டர் நீளத்தைப் பரிசோதனைக் களமாக்கி, பல முறைகளைப் பக்கம் பக்கமாக அமைத்துப் பார்த்தார்கள். கிளைகளைக் கட்டாகக் கட்டிக் கரையின் நெடுகப் பாதி புதைத்து, முளைகள் அடித்து நிறுத்துவது ஒன்று. கம்பிவலைப் பெட்டிகளில் கல் நிரப்பி இடுக்குகளில் செடி நடுவது ஒன்று. பாறைக் குவியலின் சந்துகளில் துளிர்க்கும் கொம்புகளைச் செருகுவது ஒன்று. மண்ணைத் துணிப்பொதியாகச் சுற்றி அடுக்கி, அடுக்குகளின் நடுவே செடி வைப்பது மற்றொன்று. நாணல் சுருளை நீர்விளிம்பில் பதிப்பது இன்னொன்று. தேறியவை ஆற்றின் வேகத்துக்குத் தக்கபடி இடம் பார்த்துப் பயன்படுத்தப்பட்டன. வளைவின் வெளிப்பக்கம், அதாவது நீர் முட்டிமோதும் பக்கம், பாறை. உட்பக்கம், நீர் சோம்பி மண்ணை விட்டுச்செல்லும் பக்கம், புல்லும் நாணலும். ஆகவே பீஷானில் கல் ஒழிக்கப்பட்டது என்று எண்ணுவது தவறு. கல் அதற்குரிய இடத்துக்கு ஒதுக்கப்பட்டது. முதல் ஆண்டில் கல்லும் கம்பியும் கரையைத் தாங்குகின்றன. வேர் பரவப் பரவ அந்தப் பாரத்தை வேர் ஏற்றுக்கொள்கிறது. கான்கிரீட் கட்டிய நாளிலிருந்து பலம் குறைந்துகொண்டு வருவது. வேர்க்கரையோ கட்டிய நாளிலிருந்து பலம் ஏறிக்கொண்டு போவது.

இத்தனையும் சாத்தியமானது எதனால்? பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். புதிய ஆறு பெருமழையில் கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை விரிந்து கொள்ளலாம். நீர் ஏறும்போது அபாயச் சங்கு ஒலிக்கிறது, விளக்குகள் மின்னுகின்றன, புல்வெளியில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகிறார்கள். சில மணி நேரத்தில் நீர் வடிந்து, குழந்தைகள் திரும்ப விளையாட வருகிறார்கள். பூங்கா அங்கே இல்லாதிருந்தால், ஜெர்மானியர் எத்தனை அழகான படம் வரைந்திருந்தாலும் ஆறு கான்கிரீட்டிலேதான் ஓடியிருக்கும். ரோச்சோர் கால்வாய்க்கும் காலாங் ஆற்றுக்கும் உள்ள வித்தியாசம் பொறியாளரின் ஞானத்திலோ தாவர சாஸ்திரத்திலோ இல்லை. ஒன்றின் இருமருங்கிலும் நெடுஞ்சாலை, மற்றொன்றின் பக்கத்தில் புல்வெளி.

புதிய கரையில் தும்பிகளும் கொக்குகளும் வந்தன. சில ஆண்டுகளில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று குடியேறி, நகரத்தாருக்கு நாயகர்களாகிவிட்டது. எழுபதுகளில் தீவிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோயிருந்த பிராணி அது. பிறகு அவை தனவந்தர் வீட்டுக் குளங்களில் விலையுயர்ந்த கோய் மீன்களைப் பதம் பார்த்ததும், நாயகர்களைப் பற்றிய அபிப்பிராயம் சற்று இரண்டுபட்டதும் பத்திரிகை படித்தவர்கள் அறிந்ததே. வாழிடம் அமைத்துக் கொடுத்தால் அதில் வாழ வருவது நம் விருப்பப்பட்டியலின்படி நடந்துகொள்ளாது. கொசு பெருகும் என்ற ஆட்சேபத்துக்கும் இங்கேயே விடை உண்டு: டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாடுவது பூந்தொட்டித் தட்டிலும் மூடாத வாளியிலும் அசையாமல் நிற்கும் நீரை, மீனும் தும்பிக் குஞ்சுகளும் வேட்டையாடும் ஓடுநீரை அன்று.

வேறொரு ஆட்சேபம் கனமானது. இவையெல்லாம் இயற்கை போல் வேடமிட்ட தோட்டங்கள் தானே, இவற்றால் மெய்யான வனத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. 1868ல் முடிந்த மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பார்த்தால் அந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும். காடு அங்கே நீர்விளிம்பு வரை இறங்கி வந்து, சாய்ந்த மரங்களும் நீரில் தாழ்ந்த கிளைகளும் நூற்றாண்டுக்கு மேல் கரையைப் பிடித்து நிற்கின்றன. அப்படிப்பட்ட கரையில் கூட, தீவின் பல நீர்த்தேக்கங்களில், ஆழமற்ற நீரை ஆக்கிரமித்திருப்பவை பெரும்பாலும் அயல்நாட்டு மீன்கள். தீவின் சுதேசி நன்னீர் உயிர்கள் தஞ்சம் புகுந்திருப்பது ஏரிகளில் அன்று, காட்டுக்குள் ஓடும் சிற்றோடைகளிலும் நீ சூன் சதுப்புக்காட்டிலும். சிங்கப்பூருக்கே உரிய நன்னீர் நண்டு இனங்களைக் கரைக்குச் செடி நட்டுக் காப்பாற்ற முடியாது. அவற்றின் ஓடைகளைத் தொடாமல் விடுவதே வழி. நட்டு உண்டாக்கிய கரை, இருக்கும் காட்டுக்கு ஈடு என்று கணக்கெழுத ஒருவரும் துணியலாகாது.

கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் சரித்திரம் இதை இன்னும் உறைப்பாகச் சொல்கிறது. 1975ல் அங்கே முகத்துவாரத்தை அடைத்தபோது ஆற்றின் ஓரமெல்லாம் இருந்த கண்டல் காடு, ஏற்றவற்றமும் உப்பும் நின்றுபோன நன்னீரில் அழிந்தது. கரை அரிக்கவில்லை; சுவரும் முக்கியக் காரணமன்று; நீரின் தாளமே மாறிவிட்டது. அழிந்த இடத்தின் ஒரு மூலையில் தானாக உண்டான நன்னீர்ச் சதுப்பு பறவைகளுக்குப் புகலிடமாகி, 2016ல் 56.8 ஹெக்டேர்க் காப்பிடமாகத் திறக்கப்பட்டது. நஷ்டத்தின் மேல் முளைத்த லாபம் என்று அதைச் சொல்லலாம். செங்காங்கில், பொங்கோல் நீர்த்தேக்கத்தின் மேல், 2010ல் மிதக்கும் ஈரநிலம் ஒன்றை அமைத்தார்கள். கரையோரத்தில் நாணலுக்கு இடமில்லாதபோது நாணலைத் தெப்பத்தில் ஏற்றி நடுநீரில் விட்டது புத்திசாலித்தனமான காரியந்தான், ஆனால் கரையின் வறுமைக்கு அதைவிட வெளிப்படையான சாட்சி வேறில்லை. 2019ல் திறந்த ஜூரோங் ஏரிக்கரைத் தோட்டம் மேலான வழியைக் காட்டுகிறது: 53 ஹெக்டேரில், பழைய கான்கிரீட் வடிகாலைச் சிற்றோடையாக்கி, ஏரியோரத்தில் நன்னீர்ச் சதுப்பை மீட்டு, நடப்பவர்களைப் பலகைப் பாலத்தின் மேல் ஏற்றிவிட்டதால் பாதங்கள் சேற்றையும் தாழையையும் மிதிப்பதில்லை. இங்கும் விஷயம் அகலமே.

தமிழ்நாட்டில் ஏரி வைத்து ஆண்டவர்களுக்கு இது புதிய சாஸ்திரமன்று. அங்கே கரையை எங்கும் ஒரே மாதிரி நடத்தவில்லை. அலை மோதும் உட்சரிவில் அலைகல் பதித்தார்கள்; மிஞ்சிய நீர் போகக் கலிங்கு வைத்தார்கள்; கரைக்கு எதிர்ப்புறம், நீர் மெல்ல ஏறி மெல்ல வடியும் பரந்த உள்வாயைக் கல்லின்றித் திறந்தே விட்டார்கள். செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கலில், ஏரிக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் பறவைகள் கூடு கட்ட, எச்சத்தால் வளமான ஏரிநீர் வயலுக்குப் பாய, பறவைகளைச் சுடாதபடி தடுக்கக் கோரி ஊரார் 1798லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு பெற்றுக்கொண்டார்கள். வெட்டிவேரையோ நம்மவர்கள் விசிறிக்கும் பானைத் தண்ணீருக்கும் மட்டுமே போற்றிக்கொண்டிருந்தபோது, உலக வங்கி எண்பதுகளில் அதை மண்ணரிப்புத் தடுப்புக்கென்று தேசம் தேசமாக எடுத்துச் சென்றது. ஆனால் இன்று தமிழகத்து நகரங்களில் ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லி, உள்வாயையும் சேர்த்துச் சுற்றிலும் கல் பதித்து, கிண்ணம் போலாக்கி, நடைபாதை போட்டுவிடுகிறார்கள். அரிப்பில்லாத பக்கத்துக்கும் அலைகல்! சேற்றில் மேயும் நாரைக்கு நிற்க இடம் எங்கே?

கடல் பக்கம் இன்னொரு பாடம் இருக்கிறது. தெக்கோங் தீவின் வடகிழக்கில் கப்பல் அலையும் நீரோட்டமும் கண்டல் மரங்களின் வேரைப் பறித்து வந்தபோது, தேசியப் பூங்காக் கழகம் 2010 வாக்கில் அங்கே சுமார் 1.6 கிலோமீட்டருக்கு முன்வரிசையில் கற்களை இட்டு, அதன் மறைவில் கண்டல் நாற்றுகளை நட்டது. வேர்க்கட்சி, கல்கட்சி என்று பிரிந்து வாதாடுகிறவர்கள் இரண்டும் ஒரே கரையில் முன்னும் பின்னுமாக உத்தியோகம் பார்ப்பதை அங்கே காணலாம்.

2020 முதல் கடற்கரைக் காப்பும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பாகிவிட்டது. கடல்மட்டம் உயர்வதை எதிர்கொள்ள, கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் நீள் தீவு என்ற பெயரில் சுமார் 800 ஹெக்டேர் நிலத்தைக் கடலிலிருந்து மீட்கும் திட்டம் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அத்தீவுக்கும் இப்போதைய கரைக்கும் நடுவே ஒரு புதிய நீர்த்தேக்கம் உண்டாகும். சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு நீரோரப் பூங்காக்கள் அமையும். சாலையும் வீடும் எங்கே என்று தீர்மானமான பிறகு மிஞ்சும் ஓரத்தில் எதை நடலாம் என்று யோசித்தால், அங்கே நட இடமிருப்பது சுவருக்கு மேலேதான். நீர் ஏறி இறங்கப் பல பத்து மீட்டர் மென்சரிவை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு இப்பால் மனை பிரித்தால், பீஷானில் உடைத்துச் செய்ததை உடைக்காமலே செய்யலாம். அப்படி விடும் ஒவ்வொரு ஹெக்டேரும் விற்கக்கூடிய நிலம் என்பதால் நிதியமைச்சின் ஆட்சேபம் பலமாகவே இருக்கும். அந்த ஆட்சேபத்துக்குரிய பதிலைப் படம் மையில் ஏறுவதற்கு முன் எழுதி வைத்தாக வேண்டும்.